ஏழுக்கு அடுத்தும் ஏழு

பைண்டிங் பட்டறையில் அவளுக்கு நூல்காரி என்று பெயர். பதிவேடு, அகராதி போல நாளெல்லாம் அடிபடும் புத்தகங்களை ஊசி நூலால் தைப்பது அவள் வேலை. பேப்பரோடு பழகிப் பழகி அவளுக்குக் காது கூர்மையாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே, புரள்வது பசை போட்ட புத்தகமா, தைத்த புத்தகமா என்று சொல்லிவிடுவாள். பசைப் புத்தகம் சடக்கென்று முறைத்துக்கொண்டு புரளும். தைத்தது அடங்கிப் போகும். இந்த வித்தையால் ஒரு காசுக்குப் பிரயோசனம் உண்டா என்று அவள் கணவர் கேலி செய்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பிரயோசனமில்லாத எதையும் அவர் கற்றுக்கொண்டதில்லை.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு என்றுதான் அவள் இன்றும் சொல்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெரியவன் நுழைவுத் தேர்வை மூன்று முறை எழுதினான். மூன்றாவது முடிவு வந்ததற்கு மறுநாள், அப்பா அம்மா வேலைக்கும் தங்கை பள்ளிக்கும் போன பிறகு, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஆறு வருடமாகிறது.

ஊர் ஆயிரம் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளை அரித்தது வேறு விஷயம். கடைசி மாதங்களில் அவன் அறையிலிருந்து பக்கம் புரளும் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. பிள்ளை படிக்கிறான் என்று அவள் நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிம்மதியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அவன் போன பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. விடுமுறை நாளில், வீட்டில் ஒருவரும் இல்லாத மத்தியானத்தில், சாத்தியிருக்கும் அறைக்குள்ளிருந்து சடக்கென்று ஒன்று கேட்கும். காய் நறுக்கும் கை நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்கும். முதல் சில மாதம் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். மேசை இருக்கும், நாற்காலி இருக்கும், ஒழித்துப்போட்ட அலமாரி இருக்கும். பிறகு திறப்பதை விட்டுவிட்டாள். பயமெல்லாம் இல்லை, பெற்றவளுக்கு என்ன பயம்? சத்தம் நின்றுவிடுமோ என்றுதான் பயம். ஒரே ஒரு முறை கணவரிடம் சொன்னாள். அவர் அந்த அறையின் ஜன்னல் கீல்கள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டார்.

சின்னவள் நுழைவுத் தேர்வுக்கு வீட்டிலிருந்து படிக்க ஆரம்பித்தபோது அந்த அறைக்குத்தான் போனாள். இருப்பது இரண்டு அறை, வேறு எங்கே போவாள்? போன வருடம் பள்ளியில் இருந்தபடியே எழுதிக் கொஞ்சத்தில் தவறவிட்டாள். இது இரண்டாவது முறை. வேண்டாம் என்று நூல்காரி சொல்லிப் பார்த்தாள். "நான் அண்ணன் இல்லம்மா" என்றாள் சின்னவள்.

சின்னவள் போகும் பயிற்சி மையத்தின் வேதியியல் புத்தகம் அச்சாகி அவர்கள் பட்டறைக்கே பைண்டிங்குக்கு வந்தது. எல்லாம் பசை பைண்டிங்தான். முதலாளியிடம் கேட்டு மகளுக்கென்று ஒரு பிரதியை மட்டும் அவள் தன் கையால் தைத்தாள். விரித்து வைத்தால் தட்டையாக நிற்கும், கண்ணுக்கு நல்லது என்று எல்லாரிடமும் சொன்னாள். உண்மைக் காரணம் அதில்லை. பெரியவன் புத்தகங்கள் எல்லாம் பசை பைண்டிங். அந்தச் சடக் சத்தம் இன்னொரு பிள்ளையின் கையிலிருந்தும் வருவதை அவளால் தாங்க முடியாது.

தைத்த புத்தகத்தின் அடங்கிய ஓசை கேட்க ஆரம்பித்ததும் பழைய சடக் தானாக நின்றுபோனது. சத்தத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், சமைத்துக்கொண்டே அதைக் கேட்பாள். நாலு நிமிடத்துக்கு ஒரு பக்கம். நின்றால் அடுப்பைத் தணித்துவிட்டுக் காத்திருப்பாள். மறுபடி வந்ததும் கரண்டியை எடுப்பாள். நாலு மாதம் இப்படிப் போனது.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பட்டறையில் அலமாரி ஒழித்தார்கள். பதினாறு பக்கமாக மடித்த ஒரு தாள் ஒரு ஃபாரம். வேதியியல் புத்தகத்துக்கு இருபத்து நாலு ஃபாரம். ஒவ்வொன்றும் ஐந்நூற்றுப் பத்து அச்சாகி வந்தது. ஐந்நூற்றொரு புத்தகம் கட்டியது போக ஒவ்வொன்றிலும் ஒன்பது மிஞ்ச வேண்டும். யாராவது குறை சொல்லிக்கொண்டு வந்தால் சரிசெய்து கொடுக்க மிச்சத்தை வைத்திருப்பார்கள். தேர்வு நெருங்கியதும் கழிவுக்குப் போட்டுவிடுவார்கள். முதலாளி போடுவதற்கு முன்னால் எண்ணிப் பார்க்கிற ஆள். ஏழாவது ஃபாரம் எட்டுதான் இருந்தது. எட்டாவது ஃபாரம் பத்து இருந்தது.

"யாரோ ஒரு புள்ளைக்கு ஏழுக்கு அடுத்தும் ஏழு வச்சுக் கட்டிட்டோம்போல" என்று சிரித்தார் முதலாளி. "நாலு மாசமாச்சு, ஒருத்தரும் கேட்டு வரலியே. நல்லாத்தான் படிக்குதுங்க."

பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். நூல்காரி ஏழாவது ஃபாரத்தை மறுபடி எண்ணினாள்.

ஃபாரங்களை நீள மேசை முழுக்கக் குவியல் குவியலாக வைத்து, மேசையைச் சுற்றி நடந்து குவியலுக்கு ஒன்றாக எடுத்துச் சேர்ப்பது வழக்கம். ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்பிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், ஒன்றைவிட அடுத்தது ஒரு படி கீழே. சேர்த்து அடுக்கினால் முதுகில் படிக்கட்டு மாதிரி இறங்கும். படி தவறினால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மையத்துக்குப் போன ஐந்நூறையும் முதுகு பார்த்துத்தான் அனுப்பினார்கள். முதுகு பார்க்காதது ஒன்றே ஒன்று. மகளுக்கு என்று ஆசை ஆசையாகச் சேர்த்த அந்த ஒன்றை அவள் சந்தேகப்படவில்லை. சொந்தப் பிள்ளைக்குச் செய்ததில் எந்தத் தாய் குறை தேடுவாள்? அன்று ஏழாவது குவியல் அருகே பெரியவன் நினைப்பு வந்து நின்றுவிட்டது ஞாபகம் வந்தது. நின்றவள் மறுபடி ஏழிலிருந்தே எடுத்து, எட்டைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

யானைக்கும் அடி சறுக்கும்; தைத்ததைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். அவள் பயந்தது தன் தவறுக்காக இல்லை. அந்தப் புத்தகத்தை மூன்று முறை முடித்துவிட்டதாகச் சின்னவள் போன வாரம்தான் சொன்னாள். பதினாறு பக்கம் இல்லாத புத்தகத்தை ஒருத்தி எப்படி மூன்று முறை முடிப்பாள்?

தலைவலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்தாள். எட்டாவது ஃபாரம் ஒன்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். சின்னவள் மாதிரித் தேர்வுக்கு மையத்துக்குப் போயிருந்தாள், சாயங்காலம்தான் வருவாள். அறைக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அடுத்த பக்கம் தொண்ணூற்றேழு.

முதல் தொண்ணூற்றேழில் பாடத் தலைப்பின் கீழ் சிவப்புக் கோடு இருந்தது. ஓரத்தில் "முடித்தேன்" என்று எழுதித் தேதி போட்டிருந்தது. இரண்டாவது தொண்ணூற்றேழிலும் அதே சிவப்புக் கோடு, அதே "முடித்தேன்", வேறு தேதி. பொறுமையாகப் புரட்டிக்கொண்டே போனாள். போகப் போகக் கோடுகள் வரிகளை விட்டு விலகின. பாதிச் சொல்லின் கீழே ஒரு கோடு, பக்க எண்ணின் கீழே ஒரு கோடு. இருநூறுக்கு மேல், எழுத்தே இல்லாத ஓரத்தில், ஸ்கேல் வைத்து நேராக, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோடுகள். அவற்றின் அருகிலும் "முடித்தேன்".

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தாள். 113 முதல் 128 வரை என்று எழுதிய கட்டத்தில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று சரிக்குறி இருந்தது. புத்தகத்தில் இல்லாத பக்கங்களை அவள் மகள் மூன்று முறை படித்து முடித்திருந்தாள். அந்த வீட்டில் ஆறு வருடமாகச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வராத பயம் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

பரணில் பெரியவன் புத்தகங்களைக் கட்டி வைத்திருந்தாள். ஒரு நாளும் பிரித்ததில்லை. நாற்காலி போட்டு ஏறி இறக்கினாள். மூன்றாம் முறைக்கு அவன் படித்த புத்தகத்தில் எல்லா வரியின் கீழும் கோடு இருந்தது. ஒரு வரி பாக்கியில்லை. அதை அவள் அப்போதே பார்த்திருக்கிறாள். பார்த்தது மட்டுமா, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "என் பிள்ளை ஒரு வரி விடுவதில்லை" என்று காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறாள். பரண் தூசியில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள்.

வீட்டில் வைத்துப் பேச முடியாது என்று கணவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனாள். பதினொரு மாடிக் கட்டடம். லிஃப்டைப் பிரித்துப் போட்டிருந்ததால் படியேறித்தான் போக வேண்டியிருந்தது. மொட்டை மாடி மோட்டார் அறையில், கையெல்லாம் கிரீஸுடன் அவர் நின்றிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வெகு நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒன்பது நாள்தானே இருக்கு" என்றார் கடைசியில். "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்கணுமா? பரீட்சை முடியட்டும். அப்புறம் உக்காந்து பேசுவோம்."

"அன்னிக்கு, பையன் சரியா சாப்பிடல, என்னன்னு கேளுன்னு நீங்க சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

துடைத்த துணியை அவர் நாலாக மடித்தார்.

"பத்து நாள்தான் இருக்கு, பரீட்சை முடியட்டும்னு நான்தான் சொன்னேன்."

மோட்டார் அறையில் வெப்பமாக இருந்தது. அவர் கீழே பார்த்துக்கொண்டே கேட்டார். "கேக்கப் போயி, அவ உடைஞ்சு போயிட்டா என்ன பண்றது?"

"கேக்காம இருந்தும்தான் பாத்தாச்சே" என்றாள் அவள்.

முடித்துவிட்டு நேரே வருகிறேன், நீ முன்னால் போ என்றார். ஒரு வார்த்தை தப்பாகக் கேட்டால் என்ன ஆகும் என்று மாடிக்கு மாடி பயந்துகொண்டே இறங்கினாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அறையிலிருந்து பக்கம் புரளும் ஓசை வந்தது. சின்னவள் திரும்பிவிட்டாள். நூல்காரி சமையலறைக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் அறை வாசலுக்குப் போய் நின்றாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

சின்னவள் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். முகம் புத்தகத்தில் இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்திருந்தது. கண் இமைப்பதே அபூர்வமாக இருந்தது. கை மட்டும் மேசைமேல் கிடந்தது. சிறிது நேரம் கழித்து அந்தக் கை தானாக எழுந்து, ஒரு பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு, பழைய இடத்திலேயே போய்ப் படுத்தது. முகம் அசையவில்லை. அந்தக் கைக்கும் அந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை போலிருந்தது. காலியான அறையில் தான் கேட்ட சத்தத்தை இப்போது கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நூல்காரிக்குத் தோன்றியது.

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மகள் திடுக்கிட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்தாள்.

"பாப்பா, அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தாள் நூல்காரி. பையிலிருந்த ஃபாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "உன் புத்தகத்துல இந்தப் பதினாறு பக்கத்தை வைக்காம தச்சிட்டேன்."

சின்னவள் அதைப் பார்த்தாள். "அது படிச்சாச்சும்மா. மூணு தடவ முடிச்சிட்டேன்" என்று மனப்பாடமாகச் சொன்னாள்.

"அது உன் புத்தகத்துல இல்லவே இல்லடா."

சின்னவள் நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி திருப்பிப் பார்த்தாள். திருடும்போது பிடிபட்டதைப் போல அவள் முகம் வெளுத்தது.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். மூன்று மாதமாக எழுத்து சேரவில்லையாம். ஒரு வரியின் முடிவுக்குப் போவதற்குள் ஆரம்பம் காணாமல் போய்விடுகிறதாம். மாதிரித் தேர்வில் விடைக் கட்டங்களை வரிசையாகக் கறுப்பாக்கிவிட்டு வந்துவிடுவாளாம். மதிப்பெண் கேட்டபோதெல்லாம் சொன்னது பொய்யாம். அதையெல்லாம் சொல்லும்போது அவள் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"படிக்க முடியலேன்னா மூடி வச்சிட்டுப் படுத்திருக்கலாமே. ஏன் புரட்டிக்கிட்டே இருந்தே?"

"நீ கேட்டுக்கிட்டு இருப்பியேம்மா."

நூல்காரிக்குப் புரியவில்லை.

"நான் நிறுத்தினா சமையலறையில சத்தமே இருக்காது. அடுப்பத் தணிச்சிடுவே. மூச்சு விடாம நிப்பே. அண்ணனத்தான் நெனைக்கிறேன்னு தெரியும். நான் ஒரு பக்கம் புரட்டினா உடனே கரண்டி சத்தம் வரும்." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "பாவம், இதாவது பண்ணலாமேன்னுதான்."

நாலு மாதமாக அவள் மகளைக் காவல் காத்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். மகள்தான் அவளைக் காவல் காத்திருக்கிறாள். கேட்க வந்ததை இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று தெரிந்தது. சின்னவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் மாதிரி போயிடலாம்னு உனக்குத் தோணிச்சா?"

அந்த வீட்டில் ஆறு வருடமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. சின்னவள் பொய் சொல்ல முயன்றாள், முடியவில்லை.

"தோணிச்சு. பரீட்சை முடிஞ்சப்புறம்னு நெனைச்சிருந்தேன்."

ஒன்பது நாள் பொறுக்கச் சொன்ன மனிதர் அப்போதுதான் வீட்டுக்குள் வந்தார். வாசலில் நின்று அதைக் கேட்டார். கிரீஸ் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனநல மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். அப்பா அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சின்னவளிடம் ஒரு மணி நேரம் பேசினார். பிறகு இவர்களைக் கூப்பிட்டார். இதற்கு மருந்து உண்டு, சரியாகும், நாளாகும் என்றார். கொஞ்ச நாளைக்குத் தனியாக விட வேண்டாம் என்றார். தேர்வைப் பற்றி இவர்கள் வாயைத் திறக்கவில்லை. இந்த வருடம் எழுதவில்லை என்று சின்னவளே சொன்னாள். சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "சரிம்மா" என்றார் அவர். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை நூல்காரி மட்டும் கவனித்தாள்.

தேர்வு நாள் காலை வந்தது. தேர்வு எப்படி என்று கேட்கச் சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள் என்று, போனையெல்லாம் அணைத்து வைத்தாயிற்று. தெருவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் போகும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. கணவர் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மாத்திரை மயக்கத்தில் சின்னவள் அறையில் படுத்திருந்தாள். நூல்காரி சமையலறையில் நின்றாள். புரளும் ஓசை இல்லை. பழைய சடக்கும் இல்லை. அவள் எத்தனையோ வருடமாகச் சத்தத்தை வைத்தே பிள்ளைகளின் உயிரை அளந்து பழகியவள். இப்போது அளக்க ஒன்றும் இல்லை. இதைவிடப் பேயே தேவலை என்றிருந்தது.

போய் அறை வாசலில் நின்றாள். திரை போட்ட இருட்டில் போர்வை ஏறி இறங்குகிறதா என்று தெரியவில்லை.

கண்ணைத் திறக்காமலே சின்னவள் சொன்னாள். "இருக்கேன்மா."

நூல்காரி திரும்பி வந்தாள். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மறுபடி போய் நின்றாள். "இருக்கேன்மா" என்று குரல் வந்தது. மூன்றாவது முறையும் வந்தது. சலிப்பில்லாமல், கோபமில்லாமல், அதே குரலில், அதே நிதானத்தில். சமையலறைக்கு வந்து கரண்டியைக் கையில் எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மகள் மறுபடி பக்கம் புரட்ட ஆரம்பித்துவிட்டாள், வாயால்.

கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். இந்த முறை வாசலில் நிற்காமல் உள்ளே போய், கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"இனிமே அதச் சொல்லாதே" என்றாள். "எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஒண்ணும் பண்ண வேண்டாம். நீ இருக்கியான்னு நானே வந்து பாத்துக்கறேன்."

சின்னவள் பதில் சொல்லவில்லை. வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நூல்காரி முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மகளின் மூச்சைப் பார்த்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அம்மா, மூஞ்சி மேல மூச்சு விடாதே" என்று எரிந்து விழுந்தாள் சின்னவள். "தள்ளிப் போ. தூங்க விடு."

எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண் தனக்காக ஒன்று கேட்கிறாள். நூல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. சரி சரி என்று ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். அதற்கு மேல் தள்ளவில்லை.